வாத்தைத்தான் கூப்பிட்டேன்

அந்த வரப்பு மேல வராதேம்மா, வழுக்கும். இந்தப் பக்கமா வா. சேறுன்னு நினைச்சியா? சேறு இல்லை, அவ்வளவும் வாத்துப் பீ. செருப்போட வந்தா செருப்பு இங்கேயே நின்னுடும், நீ மட்டும்தான் போவே. மூக்கைப் பொத்திக்கணும்னா பொத்திக்கோ, நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன். முப்பது வருஷமா இதுலேயே கிடக்கிறேன், எனக்கே சில நாள் சோறு உள்ளே இறங்காது. இந்தா, கூடையைக் கவுத்துப் போட்டிருக்கேன், இதுமேல உட்காரு.

கால்நடைக் கணக்கா? ஒரு பொண்ணு போனை வச்சுக்கிட்டு வீடு வீடா மாடு எண்ணுதுன்னு ஊருக்குள்ள சொன்னாங்க. வாத்துக்காரன் வரைக்கும் வருவேன்னு நான் நினைக்கலை. எழுதிக்கோ. பேரு கன்னியப்பன். வயசு ஐம்பத்திமூணு. சொந்த ஊரு உத்திரமேரூர் பக்கம். ஊர்ல இருக்கிறது வருஷத்துல ஒரு மாசம்தான். மீதி நாளெல்லாம் அறுப்பு எங்கேயோ நாங்க அங்கே. அறுத்த வயல்ல சிந்தின நெல்லு, நத்தை, புழு, எல்லாத்தையும் இது பொறுக்கித் தின்னும். இது போடற முட்டையைப் பொறுக்கி நாங்க தின்போம். அவ்வளவுதான் தொழில்.

வாத்து எண்ணூத்துத் தொண்ணூறு. எண்ணிப் பார்க்கணுமா? வேண்டாம்ல. நீ எண்ணி முடிக்கறதுக்குள்ள அது நாலு தடவை இடம் மாறிடும்.

என்னது? இன்னொரு தடவை படி. போன வருஷம் இயற்கைச் சீற்றத்தால் இழப்பு உண்டா?

யாரும்மா இதை எழுதினது? சீற்றமாமே. சீறினா பரவாயில்லையே. பூனை சீறும், பாம்பு சீறும், சண்டைக்காரி சீறுவாள். சீறினா என்ன அர்த்தம்? எதிர்ல நீ நிக்கிறே, உன்மேல அதுக்குக் கோபம்னு அர்த்தம். நான் பார்த்த தண்ணிக்கு என்மேல கோபமே இல்லை. நான் ஒருத்தன் இருக்கிறதே அதுக்குத் தெரியாது. அதை நினைச்சாத்தான் எனக்குக் குமட்டும்.

வெள்ளத்துல போன வாத்து நாற்பத்தேழு. போட்டுக்கோ.

ஆளா? தொழில்ல எத்தனை பேருன்னு கேட்குதா அது? ஒண்ணுன்னு போடு. அஞ்சு மாசம் முன்னாடி நீ வந்திருந்தேன்னா ரெண்டுன்னு சொல்லியிருப்பேன். என் பொண்டாட்டி, பவுனாம்பாள்னு பேரு, ஐப்பசி வெள்ளத்துக்கு அப்புறம் மதுராந்தகத்துல தங்கச்சி வீட்டுக்குப் போனவள், இன்னும் வரலை. ஒத்தை ஆளா இத்தனையை மேய்க்க முடியாதும்மா. முன்னாடி ஒரு ஆள், பின்னாடி ஒரு ஆள் வேணும். அவள் வரலைன்னா இந்தப் போகத்தோட எல்லாத்தையும் ஒழிச்சுட்டு, எவன் வீட்டு வாசல்லயாவது வாட்ச்மேனா உட்கார வேண்டியதுதான். போன வாரம் போய்ப் பார்த்துட்டு வந்தேன். வருவாள்னுதான் தோணுது. நீ படிச்ச பொண்ணு, நீ பேசாமலே உட்கார்ந்திருக்கிறதைப் பார்த்தா பொறுமையான பொண்ணாவும் தெரியுது. நடந்ததைச் சொல்றேன், என் மேல என்ன தப்புன்னு நீயே சொல்லு.

போன ஐப்பசியில கொள்ளிடக் கரையோரம் கிடந்தோம். ஆத்துக்கும் பாசன வாய்க்காலுக்கும் நடுவுல தாழ்வான வயல். வயல்காரன் மழைக்குப் பயந்து அவசர அவசரமா மெஷின் விட்டு அறுத்திருந்தான். பாதி நெல்லு தரையிலேயே கிடந்தது. வாத்து ரெண்டு நாள்ல கொழுத்துப் போச்சு. மூணாம் நாள், மைக் கட்டின ஆட்டோ ஒண்ணு ரோட்டுல போச்சு. ஆத்துல தண்ணி அதிகமா வருது, கரையோரம் இருக்கிறவங்க மேட்டுக்குப் போங்கன்னு. எனக்கும் கேட்டுச்சு, அவளுக்கும் கேட்டுச்சு.

"யோவ், கிளம்பலாம்யா. பள்ளிக்கூடத்து மேட்டுக்கு ஓட்டிடலாம்"னாள்.

"பள்ளிக்கூடத்துல நெல்லா கொட்டி வச்சிருக்கான்? மேற்கு மூலையில இன்னும் வாயே வைக்கலை. ரெண்டு நாள் போகட்டும்."

"அதுக்குள்ள தண்ணி வந்தா?"

"வாத்துக்காரன் பொண்டாட்டி தண்ணிக்குப் பயப்படறாளாம். வெளியில சொல்லாதே, சிரிப்பானுங்க."

அவள் சிரிக்கட்டும்னுதான் சொன்னேன். சிரிக்கலை. துணிமணியை மூட்டை கட்டித் தலைமாட்டுல வச்சுக்கிட்டுப் படுத்தாள். எதுக்கெடுத்தாலும் அவளுக்கு ஒரு அவசரம்.

மறுநாள் விடிஞ்சும் விடியாம முட்டை பொறுக்கிட்டு இருந்தாள். பட்டின்னா தெரியுமில்லையா, இதோ இப்படிக் கழி நட்டு வலை கட்டி அடைச்சு வச்சிருக்கிறது. வாத்து விடியறதுக்கு முன்னாடியே முட்டை போட்டுடும். பீயில பாதி புதைஞ்சு கிடக்கும், விரலை விட்டுத்தான் எடுக்கணும். குனிஞ்சுக்கிட்டிருந்தவள் நிமிர்ந்து, "யோவ், எறும்பைப் பாருய்யா"ன்னாள்.

வரப்பு மேல எறும்பு. சாரி சாரியா இல்லை, பாய் விரிச்ச மாதிரி. அதுக்குப் பின்னாடி பூரான், நண்டு, எலி. ஒரு எலி என் கால் மேல ஏறி அந்தப் பக்கம் இறங்கிப் போச்சு. கட்டைன்னு நினைச்சுதோ என்னவோ. அதுக்கும் பின்னாடி தண்ணி. சத்தம் போட்டுக்கிட்டு வரும்னுதானே நினைப்போம்? சத்தமே இல்லைம்மா. டீத்தண்ணி கலர்ல நுரை கட்டி, செத்த கோழி, சாணி, பிளாஸ்டிக் டம்ளர், எவன் வீட்டுத் தொடப்பமோ, எல்லாத்தையும் சுமந்துக்கிட்டு, சொந்த வீட்டுக்குள்ள நுழையறவன் மாதிரி நிதானமா வந்துச்சு.

நான் பட்டி வலையை அவுக்க ஓடினேன். அவுக்காம விட்டா மூலையில நெருங்கி ஒண்ணை ஒண்ணு அமுக்கிச் செத்திருக்கும். ஈரத்துல முடிச்சு இறுகிப் போச்சு, பல்லால கடிச்சு அவுத்தேன். அந்த வலை வாய்ல என்ன ருசி ருசிக்கும்னு உனக்கு நான் சொல்லக்கூடாது. அதுவரைக்கும் அவள் என்ன பண்ணினாள்னு நான் பார்க்கலை. பெரிய மனுஷிதானே, கையும் காலும் இருக்கு. திரும்பறப்ப எனக்கு நெஞ்சளவு தண்ணி. வயலுக்கு நடுவுல ஒரு மோட்டார் கொட்டகை, தாழ்வான கொட்டகை, மேல கான்கிரீட் கூரை, மூணு கட்டில் போடலாம். அவள் அதுமேல ஏறி நின்னுக்கிட்டு இருந்தாள், முட்டைக் கூடையோட. வாத்து ஓட்டற மூங்கில் கழியை நீட்டி என்னை இழுத்து மேல போட்டதும் அவள்தான். நான் இல்லைன்னு சொல்லவே இல்லை. ஆனா அதையே சொல்லிக் காட்டிக்கிட்டு இருக்கக் கூடாதில்லையா?

மேல நாங்க ரெண்டு பேர், ஒரு சாரைப்பாம்பு, ஆறேழு தேள், கணக்கில்லாத எறும்பு. சாரை எங்களைப் பார்த்துப் பயப்படவும் இல்லை, பயமுறுத்தவும் இல்லை. சுருண்டு ஒரு மூலையில கிடந்தது. கழியால தூக்கித் தண்ணியில போட்டேன்.

இப்ப வாத்தைச் சொல்றேன் கேளு. அதைச் சொன்னாத்தான் உனக்கு இந்த ஜென்மம் விளங்கும். எங்களுக்கு உயிர் தொண்டையில நிக்குது. சுத்தி எங்கே பார்த்தாலும் தண்ணி, கரை தெரியலை, மனுஷன் தெரியலை. அதுங்களுக்கு அன்னைக்குத்தான் தீபாவளி. எறும்பு உருண்டை உருண்டையா மிதந்து வருது, அதை முழுங்குது. மண்புழு மேல வருது, அதை முழுங்குது. செத்த எலியைக் கொத்திக் குடலை இழுக்குது. கழுத்தைத் தண்ணிக்குள்ள விட்டு, பின்பக்கத்தை எங்களுக்கு நேரா தூக்கிக் காட்டி ஆட்டிக்கிட்டு. குஞ்சுல இருந்து கையில வச்சுத் தவிடும் நொய்யும் ஊட்டி வளர்த்தவன் நான். ஒண்ணாவது திரும்பிப் பார்க்கணுமே. சீ. இது மூஞ்சியைப் பாரேன். ரெண்டு கண்ணும் ரெண்டு பக்கம் இருக்கு. ஒரு கண்ணால உன்னைப் பார்க்கும், இன்னொரு கண்ணால புழுவைப் பார்க்கும். ரெண்டும் அதுக்கு ஒண்ணுதான்.

கொஞ்ச நேரம் போச்சு. கிழக்கே மடைப்பக்கம் இழுப்பு இருந்தது. கூட்டம் மெல்ல மெல்ல அந்தப் பக்கம் நகர ஆரம்பிச்சது. அம்பது, நூறுன்னு பிரிஞ்சு போகுது. நான் வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடியே அவளுக்குத் தெரிஞ்சு போச்சு.

"வேணாய்யா. கூப்பிடாதே."

"ஆத்துப்பக்கம் போகுது பாரு."

"போகட்டும். நமக்கே இங்க நிக்க இடம் இல்லை. அதெல்லாம் நீந்தத் தெரிஞ்ச ஜென்மம், எங்கேயாவது கரையேறும். அப்புறம் தேடிக்கலாம். சொல்றதைக் கேளு."

நான் கூப்பிட்டேன்.

வேணும்னு கூப்பிடலைம்மா. வாய் அப்படி. ஒவ்வொரு வாத்துக்காரனுக்கும் ஒரு குரல் உண்டு. குஞ்சுல இருந்தே பழக்கிடுவோம். என்னுது, தா... தா தா தா... கடைசியில கொஞ்சம் இழுத்து விடணும். பார்த்தியா, இப்பக்கூட எல்லாம் தலையைத் தூக்குது. வேற எவன் கத்தினாலும் இது சட்டை பண்ணாது. அவள் இத்தனை வருஷம் இருந்தாளே, அவள் கூப்பிட்டாலும் வராது. என் குரலுக்குத்தான் வரும்.

வந்துச்சு. மடைக்குப் போனது, வாய்க்காலுக்குப் போனது, அத்தனையும் திரும்பி, எதிர்த்தண்ணியில நீந்தி, கழுத்தை நீட்டிக்கிட்டு வருது. சொல்றேன் பாரு, எனக்கு அழுகையே வந்துடுச்சு. அவள்கிட்ட, "பார்த்தியா, பார்த்தியா"ன்னேன். அவள் காலை ஒடுக்கிக்கிட்டு நின்னாள்.

தண்ணி அதுக்குள்ள ஏறி, கூரைக்கு ஒரு சாண் கீழே நின்னுது. அதனால எல்லாம் மேல ஏறிடுச்சு. ரெண்டு சாண் கீழே நின்னிருந்தா ஏறியிருக்க முடியாது, சுத்தி மிதந்துக்கிட்டு இருந்திருக்கும், ஒண்ணும் நடந்திருக்காது. இதை யாரும் யோசிக்கிறதில்லை. நூறு வாத்து மேல, மீதி சுத்தி. அத்தனையும் ராத்திரி பூராப் பட்டினி கிடந்து, காலையில புழுவை வயிறு முட்டத் தின்னது. தின்ன உடனே கழியும் அது. எப்படிக் கழியும்னு கேட்காதே. பச்சையும் வெள்ளையுமா, கெட்டியாவும் இல்லாம தண்ணியாவும் இல்லாம. அரை மணி நேரத்துல கான்கிரீட்டே தெரியலை. பாசி பிடிச்ச குளத்துப்படி மாதிரி ஆயிடுச்சு. நாத்தம் கண்ணைக் கரிக்குது.

அவள் ஓரமா நகர்ந்தாள். வாத்து முட்ட முட்ட இன்னும் நகர்ந்தாள். "யோவ், இதைத் தள்ளுய்யா, கால் வைக்க முடியலை"ன்னாள். எதைத் தள்றது? எதைத் தள்ளினாலும் தண்ணியில விழும். கூப்பிட்டு வரவழைச்சதை நானே தள்ள முடியுமா? நான் மேற்குப் பக்கம் குனிஞ்சிருந்தேன். முன்னோடி வாத்துன்னு ஒண்ணு ரெண்டு இருக்கும், அது போனாத்தான் மத்தது பின்னாடி போகும். அதுல ஒண்ணு ஏற முடியாம விளிம்புல தத்தளிச்சுது. கழுத்தைப் பிடிச்சா செத்துடும், அடியில கை கொடுத்துத் தூக்கணும். தூக்கிட்டு இருந்தேன். பின்னாடி தொப்புன்னு சத்தம். வாத்துன்னுதான் நினைச்சேன்.

திரும்பிப் பார்த்தா, அவள் நின்ன இடத்துல ரெண்டு கால் சறுக்கின கோடு. நான் பார்த்துக்கிட்டு இருக்கும்போதே அஞ்சாறு வாத்து அதுமேல வந்து உட்கார்ந்து, இறக்கையைக் கோத ஆரம்பிச்சுடுச்சு. இடம் காலியாச்சுன்னு அதுக்குச் சந்தோஷம். அதுவும் இல்லை. சந்தோஷம்னு ஒண்ணு இருந்தாத்தானே. இடம், உட்கார்ந்துச்சு, அவ்வளவுதான்.

இழுப்பு அவளை ஒரு கூப்பிடு தூரம் கொண்டுபோய் ஒரு கருவேல மரத்துல செருகிடுச்சு. சிவப்புப் புடவை, தெளிவாத் தெரிஞ்சது. முங்கி முங்கி எழுந்து கிளையைப் பிடிச்சு, ஏறிட்டாள். நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். ஏறி ரெண்டு கிளைக்கு நடுவுல உட்கார்ந்ததும்தான் எனக்கு மூச்சு வந்துச்சு. அப்புறம் வாத்தைப் பார்த்தேன்.

எட்டு மணிக்கு வெயில் வந்துச்சு. அப்படி ஒரு வெயிலை நீ பார்த்திருக்க மாட்டே. வானம் சுத்தமா நீலமா இருக்கு. தண்ணி மேல பளபளன்னு வெளிச்சம் ஓடுது. தட்டான் கூட்டம் கூட்டமாப் பறக்குது. யாரோ கல்யாணத்துக்கு ஜோடிச்சு வச்ச மாதிரி. கீழே செத்த ஆட்டுக்குட்டி வயிறு ஊதிப் போகுது, அதுமேலயும் அதே வெயில் பளபளக்குது. அவள் உட்கார்ந்திருந்த மரத்துல நாலஞ்சு கொக்கு வந்து உட்கார்ந்துச்சு. ஒரு பொம்பளை உயிருக்குப் போராடிக்கிட்டு இருக்கிறாளே, நாம வேற மரத்துக்குப் போவோம்னு தோணுமா அதுக்கு? கிளை இருந்துச்சு, உட்கார்ந்துச்சு. எல்லாம் இந்த வாத்து ஜாதிதான்.

பசி எடுத்துச்சு. அவள் கொண்டுவந்து வச்ச கூடையில முட்டை இருந்தது. ஓட்டை போட்டு ரெண்டு குடிச்சேன். பச்சை முட்டை, வெயில்ல சூடாகி, ஓட்டுல ஒட்டியிருந்த பீயோட. தூ. இப்பவும் நாக்குல இருக்கு. அப்புறம் இன்னும் மூணு குடிச்சேன். என்ன பண்றது, உயிர் இருக்கணுமே.

மதியம் மூணு மணி வரைக்கும் கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன். நிறுத்தினா சுத்தி மிதக்கிறது கலைய ஆரம்பிக்கும். தொண்டை வத்திப் போச்சு, அந்தத் தண்ணியையே அள்ளி நனைச்சுக்கிட்டுக் கூப்பிட்டேன். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் படகே வந்துச்சு. பக்கத்து ஊர்க்காரங்க நாலு பேர், ஃபைபர் படகு.

"யாருய்யா அது, வெள்ளத்துல மாட்டிக்கிட்டு வாத்து மேய்க்கிறது?"ன்னு ஒருத்தன் கேட்டான்.

"அண்ணே, வாத்தையும் ஏத்திக்குவீங்களா?"

"உன்னையே ஏத்தலாமா வேண்டாமான்னு யோசிச்சுட்டு இருக்கேன், இந்த நாத்தத்துல. குதி சீக்கிரம்."

"வாத்து இல்லாம நான் வரலை. அதோ மரத்துல என் வீட்டு ஆள் இருக்கு. அதைக் கூட்டிட்டுப் போங்க."

அவன் மரத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். படகைத் திருப்பினான். பார்த்துக்கோம்மா, அவளைத்தான் முதல்ல ஏத்தச் சொன்னேன். நான் ஏறிப் போயிருக்கலாம். போகலை. இதை மட்டும் யாரும் பேசறது கிடையாது.

அவள் ஏழு மணி நேரம் இருந்தாளாம் மரத்துல. அந்த மரத்துலேயும் எறும்பு ஏறியிருக்கு, உடம்பெல்லாம் கடி. உள்ளங்கையில முள் ஒடிஞ்சு உள்ளே நின்னுடுச்சு. பள்ளிக்கூடத்துல தங்க வச்சிருந்தாங்க. மறுநாள் தண்ணி வடிஞ்சு, வாத்தை எல்லாம் மேட்டுல அடைச்சுட்டு நான் போனேன். கிட்டே போய் உட்கார்ந்தா நகர்ந்து உட்கார்ந்தாள். "போய்க் குளிச்சுட்டு வாய்யா"ன்னாள். குளிச்சுட்டு வந்தேன். அப்பவும் நகர்ந்தாள். சாயங்காலம் தங்கச்சி வந்து கூட்டிட்டுப் போயிட்டாள். நானும் போகலாம்னுதான் இருந்தேன். நாற்பத்தேழு காணலையே, தேடணும். நாலு நாள் கரையோரமே நடந்தேன். அந்தப் பிணநாத்தத்துல எவன் நடப்பான்? நான் நடந்தேன். ஒண்ணுகூடக் கிடைக்கலை. மீதி இருந்தது அஞ்சாம் நாளே முட்டை போட ஆரம்பிச்சுடுச்சு. வெட்கம் கெட்டதுங்க. நான் அவ்வளவு மனசு ஒடிஞ்சு இருக்கிறேன், ஆறாம் நாள் அடுத்த வயலுக்கு ஓட்ட வேண்டியதாப் போச்சு.

அப்புறம் சம்பா அறுப்பு வந்துச்சு. இந்தப் பக்கம் வந்தேன். ஆள் வச்சுப் பார்த்தேன், எவனும் ஒரு வாரத்துக்கு மேல நிக்கலை. போன வாரம் பக்கத்து வயல்காரரை ஒரு நாள் பார்த்துக்கச் சொல்லிட்டு, பஸ் ஏறி மதுராந்தகம் போனேன். தங்கச்சி குணசுந்தரி வீட்டு வாசல்லேயே இட்லிக் கடை போட்டிருக்கிறாள். இவள் மாவரைச்சுக் கொடுத்துக்கிட்டு அங்கேயே இருக்கிறாள். நான் தெருவுல திரும்பும்போதே அந்தக் குணசுந்தரி உள்ளே பார்த்துச் சொல்றாள், "அக்கா, மாமா வர்றார். ஆளு வர்றதுக்கு முன்னாடி காத்து வந்துடுச்சு."

அவளுக்கு வாய் அதிகம். நான் கண்டுக்கலை. புதுச் சட்டை போட்டுக்கிட்டு, சோப்புத் தேய்ச்சுக் குளிச்சுட்டுத்தான் போனேன். வாசப்படியில உட்கார்ந்தேன். பவுனாம்பாள் வந்து கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னாள். இளைச்சிருந்தாள். கை மட்டும் சுத்தமா, நகமெல்லாம் வெள்ளையா இருந்துச்சு. அவள் நகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை.

"போதும், வா"ன்னேன். "வாத்து எல்லாம் நல்லா இருக்கு"ன்னேன்.

அவள் தெருவைப் பார்த்துக்கிட்டே சொன்னாள், "ஒண்ணே ஒண்ணு கேட்கணும். அஞ்சு மாசமா அதுதான் உள்ளே ஓடிட்டு இருக்கு. மரத்துல இருந்து நான் கத்தினேன். உங்க குரல் எனக்குக் கேட்டுச்சு, வாத்தைக் கூப்பிடறது. நான் கத்தினது உங்களுக்குக் கேட்டுச்சா? கேட்கலைன்னா சொல்லிடுங்க. தண்ணிச் சத்தம், வாத்துச் சத்தம், கேட்டிருக்காது. கேட்கலைன்னு சொன்னீங்கன்னா இப்பவே துணியை எடுத்துக்கிட்டு வந்துடறேன்."

எவ்வளவு மரியாதையாக் கேட்டாள் பாரு. இருபத்தாறு வருஷத்துல என்னை நீங்கன்னு சொன்னதே கிடையாது. அப்படிக் கேட்கிறவகிட்டப் பொய் சொல்லலாமா? எனக்குப் பொய் வராதும்மா.

"கேட்டுச்சு"ன்னேன்.

குணசுந்தரி இட்லித் துணியைப் பிழிஞ்சுக்கிட்டு இருந்தவள் அப்படியே நின்னுட்டாள்.

"நல்லாவே கேட்டுச்சு. முதல்ல என்னைக் கூப்பிட்டே. அப்புறம் சாமியைக் கூப்பிட்டே. அப்புறம் உங்க அம்மாவைக் கூப்பிட்டே. மத்தியானத்துக்கு மேல தொண்டை கட்டிப்போய்ச் சும்மா ஆ, ஆன்னு கத்தினே. எல்லாம் கேட்டுச்சு"ன்னேன். நான் கவனிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்னு அவளுக்குத் தெரியணும் இல்லையா?

"அப்ப ஏன்யா ஒரு வாட்டிகூடப் பதில் கொடுக்கலை?"

இது ஒரு கேள்வியா? வாத்துக்காரன் பொண்டாட்டி கேட்கிற கேள்வியா இது? வேற ஒருத்தி கேட்டா விளங்க வைக்கலாம். சரி, உனக்குத் தெரியாது, உனக்குச் சொல்றேன். வாத்து நெருங்கி உட்கார்ந்திருக்கும்போது பழகாத சத்தம் ஒண்ணு கேட்டா, ஒரு நாய் குரைச்சா, பக்கத்துல எவனாவது திடீர்னு கத்தினா, அவ்வளவும் ஒரே பாய்ச்சல்ல எழுந்து ஒரே பக்கம் ஓடும். ஒண்ணு மேல ஒண்ணு ஏறி அடியில இருக்கிறது நசுங்கும். என்னோட தா... தா தா தா தவிர வேற எந்தச் சத்தமும் அங்கே வரக்கூடாது. நான் திரும்பி, ஏய், இங்கேதான் இருக்கேன், பயப்படாதேன்னு ஒரு சத்தம் போட்டிருந்தா, மேல இருந்த அத்தனையும் தண்ணியில விழுந்து மடைக்குப் போயிருக்கும். ஏழு மணி நேரம் நான் அந்த நாத்தத்துல வாயைக் கட்டிக்கிட்டு நின்னேன்னா சும்மாவா? அவள் கத்தக் கத்த எனக்கு எப்படி இருந்திருக்கும்? அவள் கத்தினதே கொஞ்சம் பயமாத்தான் இருந்துச்சு, எங்கே கலைஞ்சிடுமோன்னு. நல்ல வேளை, தூரத்துச் சத்தம்னு இதுங்க சட்டை பண்ணலை.

இதையெல்லாம் பொறுமையாச் சொன்னேன் அவளுக்கு. "நீ மரத்தைப் பிடிச்சுட்டே. உனக்குக் கை இருந்துச்சு. அதுங்களுக்குப் பிடிக்கிறதுக்குக் கை இல்லையே, நான்தானே பிடிக்கணும்"னேன்.

கேட்டாள். குறுக்கே பேசலை. அழலை, கத்தலை. நான் பயந்தது எல்லாம் ஒண்ணும் நடக்கலை. உண்மையைச் சொன்னா அப்படித்தான், மனுஷங்க அடங்கிடுவாங்க.

"சாப்பிட்டுப் போங்க"ன்னாள்.

அந்தப் படியிலேயே தண்ணி தெளிச்சு இலை போட்டாள். அந்த வீட்டுல தட்டு இல்லாமலா? அடுக்கடுக்கா இருக்கு, கடை வீடுதானே. எனக்கு இலை. விருந்தாளிக்குப் போடற மாதிரி. சோறு, புளிக்குழம்பு, அப்பளம், ஒண்ணும் குறை வைக்கலை. எட்ட நின்னு கரண்டியால போட்டாள். நான் போதும்னு சொல்லச் சொல்ல இன்னொரு கரண்டி வச்சாள். சாப்பிட்டு முடிச்சதும் இலையை எடுக்கப் போனேன். "விடுங்க, நான் எடுத்துக்கறேன்"ன்னு எடுத்துட்டுப் போனாள். வேண்டாத ஆளுன்னா எச்சில் இலையை எடுப்பாளா? குணசுந்தரிகூட அப்புறம் வாயே திறக்கலை.

"வர்றேன்"ன்னேன். தலையை ஆட்டினாள்.

தெருமுனை வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் பார்த்தேன். நான் உட்கார்ந்திருந்த படியில வாளித் தண்ணியை ஊத்திக்கிட்டு இருந்தாள். ஒரு வாளி, ரெண்டாவது வாளி. விளக்குமாத்தால தள்ளித் தள்ளித் தெரு வரைக்கும் கழுவி விட்டாள். அப்புறம் குழாயடிக்குப் போய், கட்டின புடவையோட, ஒரு குடம் தண்ணியைத் தலையில ஊத்திக்கிட்டாள். மத்தியான வெயில்ல. ஈரம் சொட்டச் சொட்ட, திரும்பிப் பார்க்காம உள்ளே போனாள்.

இந்த நாத்தம் அவளுக்கு எப்பவும் ஆகாதும்மா. வந்து ரெண்டு நாள் இருந்தா பழகிடும்.